மழை படும் படிக்கட்டு

நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். அதிலும் பாதி நாள் மாடு மேய்த்தேன். ஆனால் ஆழ்துளைக் கிணறு தோண்டுகிற போர் வண்டி ஓடும்போது குழிக்குள்ளிருந்து மேலே வருகிற கல் தூளை உள்ளங்கையில் வாங்கிப் பார்த்து, இன்னும் எத்தனை அடியில் ஈரம் தட்டும் என்று சொல்லிவிடுவேன். கருவி வைத்துப் பார்க்கிறவர்கள் சொன்னது பொய்த்த காட்டில் நான் சொன்னது பலித்திருக்கிறது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுதினால் அது பொய். பெருமைக்குத்தான் சொல்கிறேன். வேறு யார் சொல்லப் போகிறார்கள்?

வடக்கே பாஷை தெரியாத ஊர்களில் துளையிடும் ராடு தூக்குகிற கூலி ஆளாகப் போனவன், மூன்று போர் வண்டிகளுக்குச் சொந்தக்காரனாகத் திரும்பி வந்தேன். ராசிபுரத்திலிருந்து வெண்ணந்தூர் போகிற ரோட்டோரம் இடம் வாங்கி, மாடி வைத்து வீடு கட்டினேன். எங்கள் அப்பன் ஓலைக் கொட்டாயில் செத்தவர். அப்படிப்பட்டவருடைய மகன் கட்டிய வீடு அது. அதில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. வெளியே போட்ட படிக்கட்டைத் தவிர.

அந்தப் படிக்கட்டில் என் மனைவி விழுந்தாள். அவள் மறுபடியும் மாடிக்கு ஏறுவாளா, மாட்டாளா என்பது ஒன்றுதான் அதன்பிறகு மூன்று வருஷமாக எங்கள் வீட்டில் இருந்த கேள்வி.

மாடியில் அவளுக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். நான் வருஷத்தில் பத்து மாதம் வண்டியோடு வடக்கே கிடந்த காலத்தில் அவள் ஒரு தையல் மிஷின் வாங்கிப் போட்டுக்கொண்டாள். ரவிக்கை தைப்பாள். அவள் கைக்கு அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஒரு பேர் இருந்தது. கல்யாணம் என்றால் பெண்ணுக்குரிய பட்டு ரவிக்கை அவளிடம்தான் வரும். நான் ஊரோடு வந்து சேர்ந்த பிறகு, "என்ற பொண்டாட்டி தைச்சா இந்த ஊட்டுல அடுப்பெரியோணும்?" என்று கேட்டேன். "அடுப்புக்கில்லீங்க, எனக்கு" என்றாள். வீடு கட்டும்போது மாடியில் ஒரு அறை கேட்டாள். அது ஒன்றைத்தான் கேட்டாள். வெளிச்சம் வருகிற மாதிரி மூன்று ஜன்னல்.

சரி என்றேன். ஆனால் ஊர்ப் பெண்கள் அளவு துணியும் கையுமாக என் கூடத்தின் வழியாக மேலே போய் வருவதை என்னால் ஏற்க முடியவில்லை. கூடத்தில் நான் உட்கார்ந்திருப்பேன். நாலு பெரிய மனிதர்கள் வந்து போவார்கள். அதனால் படிக்கட்டை வீட்டுக்கு வெளியே, வடக்குச் சந்தில் போடச் சொன்னேன். முதல் தப்பு அது. வடக்குப் பக்கம் வெயில் படாது. வெயில் படாத இடத்தில் விழுகிற தண்ணீர் காயாது, காயாத இடத்தில் பாசி பிடிக்கும். இது மாடு மேய்க்கிறவனுக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

மேஸ்திரி நல்ல வேலைக்காரர். வெண்ணந்தூர் பக்கத்து ஆள். என்னைவிட நாலைந்து வயது இளையவர். தரைக்கும் மாடித் தளத்துக்கும் நூற்று முப்பத்திரண்டு அங்குலம். படி உயரம் ஆறு, மிதி பன்னிரண்டு என்று வைத்துக் காங்கிரீட் போட்டுவிட்டார். பலகை பிரித்த அன்று நான் தேங்காய் உடைத்து முதல் ஆளாக ஏறினேன். எங்கள் பக்கத்தில் புதுப் படி ஏறும்போது எண்ணிக்கொண்டே ஏறுவோம். முதல் படி லாபம், இரண்டாவது நஷ்டம், மூன்றாவது லாபம். கடைசி அடி லாபத்தில் வந்து நிற்க வேண்டும். நான் மாடித் தளத்தில் கால் வைத்தபோது வாயில் வந்தது நஷ்டம்.

"என்ன மேஸ்திரி இது?"

"படி இருபத்தொண்ணுதாங்கண்ணா. நீங்க தளத்தையும் சேத்து எண்றீங்க. தளம் படி ஆவுமுங்களா?"

"கால் வெக்கிற எடமெல்லாம் படிதான். இருபத்தி ரெண்டு. எனக்கு எண்ணத் தெரியாதுன்னு நெனைச்சியா?"

"அப்பிடி இல்லீங்க. வேணும்னா அடியில ஒரு கல்லப் போட்டுத் தாரேன். இருபத்தி மூணு ஆயிப்போவும்."

கீழே கல்லைப் போட எனக்குச் சம்மதமில்லை. கீழ்ப் படியைத்தான் வருகிறவர்கள் எல்லாம் பார்ப்பார்கள். அதை அரை வட்டமாக வளைத்து இழைக்கச் சொல்லியிருந்தேன். அதற்கு முன்னால் ஒட்டுப் போட்ட மாதிரி ஒரு கல் கிடந்தால் நன்றாகவா இருக்கும்? மேலே போடு, எவன் பார்க்கப் போகிறான் என்றேன். கடைசிப் படியின் மிதியில் பாதியை எடுத்து, அதன்மேல் மூன்று அங்குலத்துக்கு ஒரு படி. ஆறு அங்குல உயரம் மூன்று மூன்றாகப் பிரிந்தது. பன்னிரண்டு அங்குல மிதி ஆறு ஆறாகப் பிரிந்தது. பாதி கால்கூட நிற்காது.

மேஸ்திரி தலையைச் சொறிந்தார். "அண்ணா, படின்னா காலு கண்ணில்லாம எறங்கோணும். ஒரே உயரம் இருந்தாத்தான் காலு பழகும். ஒண்ணு மட்டும் மாறுச்சுன்னா காலு ஏமாந்து போவுமுங்க."

"உனக்குக் கூலி நான் தாரேனா, காலு தருதா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு அப்போது அது நல்ல பேச்சாகத் தெரிந்தது.

பிறகு கல் எடுக்கப் போனோம். எனக்குக் கருப்பு கிரானைட்தான் வேண்டும், முகம் தெரிகிற பளபளப்பில். என்னோடு தொழில் செய்த இன்னொரு போர் வண்டி ஓனர் அவன் வீட்டுக்குள் கூடத்தில் போட்டிருந்தான். நான் வெளிப் படிக்கே போட்டேன் என்று அவன் பார்க்க வேண்டும். மேஸ்திரி அங்கேயும் ஒன்று சொன்னார்.

"மழைக்கு இது கண்ணாடியாட்ட ஆயிருமுங்க."

"எங்கப்பா பேயுது மழை? மழை பேயாததுனாலதான் நா இந்தக் கல்லையே வாங்கறேன்."

அது பொய்யில்லை. மழை பெய்தால் எங்கள் தொழில் படுத்துவிடும். கிணறு வற்றி, தென்னை கருகி, குடியானவன் தலையில் கை வைத்து உட்காரும் வருஷத்தில்தான் போர் வண்டிக்கு வரிசை நிற்கும். வானம் கருத்தால் முகம் சுருங்குகிற ஆட்கள் நாங்கள். மழையை நம்பி நான் எதையும் செய்ததில்லை. அது வராது என்று நம்பித்தான் எல்லாம் செய்தேன். படிக்கட்டையும்.

வண்டியில் இதையே நான் வேறு மாதிரி செய்தவன். போர் ஓடும்போது ஆட்கள் நிற்கிற இரும்புத் தட்டு எந்நேரமும் சேறும் தண்ணீருமாக இருக்கும். புதிதில் தட்டில் வரி வரியாகப் பிடிப்பு இருக்கும். போகப் போகத் தேய்ந்து மொழுக்கென்று ஆகிவிடும். ஒருத்தன் வழுக்கி ராடின்மேல் விழுந்து பல் உடைந்தபின், நான் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து சின்னச் சின்னக் கம்பித் துண்டுகளை வெட்டி, தட்டு முழுக்க வரிசையாகப் பற்ற வைத்தேன். அதற்கப்புறம் என் வண்டியில் எவனும் வழுக்கவில்லை. மற்ற ஓனர்கள் வந்து பார்த்துவிட்டுப் போய்த் தங்கள் வண்டியிலும் அப்படியே செய்தார்கள். கூலி ஆளின் காலுக்கு அத்தனை யோசித்தவன், வீட்டுக்காரியின் காலுக்கு யோசிக்கவில்லை. வண்டி தொழில் செய்கிற இடம். வீடு காட்டுகிற இடம். எனக்கு அப்படித்தான் இருந்தது.

மழை கொட்டுகிற ஊரில் படி கட்டுகிறவன் பயந்து கட்டுவான். எங்களைப் போல எப்போதாவது பெய்கிற ஊரில்தான் ஆபத்து. மாசி, பங்குனி முழுக்கப் படியில் புழுதி படிந்து கிடக்கும். சித்திரையில் திடீரென்று இடியோடு ஒரு மழை இறங்கும். அந்த முதல் மழையில் புழுதி குழைந்து பசை மாதிரி ஆகும். அது பாசியைவிட மோசம்.

அன்றைக்கும் அப்படித்தான். மத்தியானம் மூன்று மணி இருக்கும். கீழே ஒரு பெண் ரவிக்கை வாங்க வந்து நின்றாள். மழை பிடித்துக்கொண்டது. "அக்கா, மழை உட்ட பொறவு வாரேன், நீங்க எறங்க வேண்டாம்" என்று அவள் கத்தினது எனக்குக் கூடத்தில் கேட்டது. "வந்துட்டேன் சாமி, நீ நில்லு" என்று மேலேயிருந்து என் மனைவியின் குரல். தைத்த துணிகளை நனையாமல் முந்தானைக்குள் சுற்றி இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு இறங்கினாள். தளத்திலிருந்து மூன்று அங்குலம் இறங்கியது கால். அடுத்து மூன்று அங்குலம். அதற்கடுத்ததும் மூன்று என்று கால் நினைத்தது. அங்கே ஆறு இருந்தது.

பிடிக்கக் கைப்பிடியும் இல்லை. கைப்பிடிச் சுவர் இருந்தது. அதன் மேலே ஒன்பது அங்குல அகலத்தில் அதே கருப்புக் கல். அதைத் தடவலாம், பிடிக்க முடியாது.

நான் வெளியே ஓடிப் பார்த்தபோது அவள் நடுவில் ஒரு படியில் பக்கவாட்டில் கிடந்தாள். அழவில்லை. துணிகள் நெஞ்சோடு அப்படியே இருந்தன. "துணி நனையுது, எடுங்க" என்றாள்.

இடுப்பு எலும்பு. சேலத்தில் ஆபரேஷன் செய்து கம்பி வைத்தார்கள். பார்க்க வந்த சொந்தபந்தம் எல்லாம் எப்படி விழுந்தாள் என்று கேட்டது. நான் என்ன சொல்ல? "மேஸ்திரி படிய எண்ணத் தெரியாமப் போட்டுட்டான். கடைசியில ஒட்டு வெச்சுச் சமாளிச்சுட்டான்" என்றேன். கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்று சொன்னேன். அவள் கண்ணை மூடிப் படுத்திருந்தாள். ஊருக்கு வந்து டீக்கடையிலும் அதையே சொன்னேன். நாலு தரம் சொன்னபின் எனக்கே அது நடந்த மாதிரி ஆகிவிட்டது. அந்த மேஸ்திரிக்கு எங்கள் பக்கத்தில் அடுத்து எவனும் வீடு கட்டக் கொடுக்கவில்லை.

அவள் ஆறு மாதத்தில் கோல் பிடித்து நடந்தாள். கீழே அறையில் கட்டில் போட்டேன். வேலைக்கு ஆள் வைத்தேன். பிள்ளைகள் இருவரும் வெளியூரிலிருந்து வந்து பார்த்துப் போனார்கள். "மிஷினக் கீழ எறக்கிரலாமா?" என்று கேட்டேன்.

"வேண்டாமுங்க. அது மேலயே இருக்கட்டும். நா போயித் தைக்கோணும்."

"எப்பிடிப் போவே?"

"படி ஏறித்தான்."

அந்தப் பிடிவாதம் எனக்குப் பிடித்திருந்தது. என் பெண்டாட்டி அல்லவா என்று நினைத்துக்கொண்டேன். ஏற வைக்கிறேன் பார் என்று கிளம்பினேன். சேலத்திலிருந்து சொரசொரப்பான கருப்பு நாடா வாங்கி வந்து ஒவ்வொரு படியிலும் ஒட்டினேன். இரண்டு மழையில் தோலுரிந்து தொங்கியது. கயிற்று மிதியடி விரித்தேன். அது தண்ணீரைக் குடித்துப் பொதபொதவென்று ஊறி, மிதித்தால் தானும் நகர்ந்து காலையும் கூட்டிக்கொண்டு போனது. ஒரு நாள் அவள் நாலு படி ஏறினாள். அஞ்சாவதுக்குக் கால் எழவில்லை. திரும்பவும் முடியாமல், ஏறவும் முடியாமல் நின்றாள். நானும் வேலைக்காரப் பெண்ணும் சேர்ந்து இறக்கினோம். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை.

அப்போதுதான் முடிவு செய்தேன், மொத்தமாக உடைத்துவிட்டு வேறு கட்டுவதென்று. சேலத்திலிருந்து ஒரு என்ஜினியர் வந்து லேப்டாப்பில் படம் காட்டினார். படிப்பு இருந்தது, ஆனால் என் மனைவியை அவர் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. அவரை அனுப்பிவிட்டு நான் வெண்ணந்தூர்ப் பக்கம் போனேன்.

மேஸ்திரி வீட்டு வாசலில் உட்கார்ந்து பூச்சுக் கரண்டிக்குக் கைப்பிடி மாட்டிக்கொண்டிருந்தார். மெலிந்திருந்தார். எழுந்திருக்கவில்லை, ஆனால் ஒரு நாற்காலியை என் பக்கம் தள்ளினார்.

"வாங்க. அக்கா எப்பிடி இருக்கறாங்க?"

"கோலு புடிச்சு நடக்கறா. படிய உடைச்சுட்டு வேற போடோணும் மேஸ்திரி. நீதான் வரோணும்."

"எனக்கு எண்ணத் தெரியாதுங்களே."

நான் அவர் தள்ளிய நாற்காலியில் உட்கார்ந்தேன். அவரே பேசினார்.

"மூணு வருசமாக் கக்கூசுக்குப் பூச்சு வேலை, மாட்டுக் கொட்டாய்க்குத் தரை வேலை. என்ற சம்பந்தி ஊட்டுல கேட்டாங்க, நீங்க போட்ட படியில ஒரு பொம்பள உழுந்துட்டாங்களாமேன்னு. என்ன சொல்லுட்டுங்க? ஓனரு சொல்லித்தான் போட்டேன்னா, ஓனரு சொன்னா நீ கெணத்துல குதிப்பியாம்பாங்க. அதுவும் சரிதான். நா போட்டிருக்கக் கூடாது."

"சரி, நடந்தது நடந்துபோச்சு."

"வாரேன். அக்காவுக்காக வாரேன். ஆனா நாலு பேரு முன்னால சொன்னத நாலு பேரு முன்னால மாத்திச் சொல்லோணும். டீக்கடையில சொன்னாப் போதும். ஊரு தன்னால சொல்லிக்கும்."

"வேலை முடியட்டும், சொல்றேன்" என்றேன். அவர் கரண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சரிங்க என்றார்.

வந்த முதல் நாள் அவர் டேப்பை எடுக்கவில்லை. பிளைவுட் கடையில் வெட்டிப் போட்ட கழிவுத் துண்டுகளை ஒரு கட்டாகக் கட்டிக்கொண்டு வந்தார். எல்லாம் கால் அங்குலத் தடிமன். முற்றத்தில் சுவரோரம் அவற்றை அடுக்கினார். "அக்கா, இதுல ஏறி எறங்குங்க" என்றார். நாலு அங்குலத்தில் ஆரம்பித்தார். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஏறினாள், இறங்கினாள். ஒவ்வொரு துண்டாகச் சேர்த்தார். ஐந்து. ஐந்தேகால். ஐந்தரை. "இது சொகமா இருக்குது" என்றாள். இன்னும் ஒரு துண்டு வைத்தார். ஏறிவிட்டாள், ஆனால் உதட்டைக் கடித்தாள். அவர் அந்தத் துண்டை எடுத்துவிட்டார்.

"அஞ்சரை" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "நூத்தி முப்பத்தி ரெண்டுக்கு அஞ்சரைன்னா இருபத்தி நாலு படி வருமுங்க. தளத்தையும் சேத்து."

இருபத்து நாலு. நான் கணக்கில் புலி; அவர் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. கை பின்னால் கட்டியிருந்தது, விரல்கள் எண்ணிக்கொண்டிருந்தன. லாபம், நஷ்டம்.

"அஞ்சே முக்கால் வெச்சா இருபத்தி மூணுல நின்னுருமே?" என்றேன். "கால் அங்குலந்தானே மேஸ்திரி?"

"என்னைய ஏனுங்க கேக்கறீங்க? அக்காவக் கேளுங்க."

அவள் இன்னும் அந்தப் பலகை அடுக்கின் மேலேதான் நின்றிருந்தாள். ஒரு கை மேஸ்திரியின் தோளில், ஒரு கை கோலில். என்னைப் பார்த்தாள். நான் கேட்கவில்லை. பிறகு, "சரி, அஞ்சரையே போடு. என்ன ஆனாலும் ஆவட்டும்" என்றேன். எனக்கு அது பெரிய விட்டுக்கொடுத்தல். அந்த மாதிரி ஒரு வார்த்தையை நான் யாருக்காகவும் சொன்னதில்லை.

அவள் இறங்கி உள்ளே போனாள்.

படிக்கட்டைப் பற்றிச் சொல்கிறேன். இதைச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது, ஏனென்றால் பாதி யோசனை என்னுடையது. வடக்குச் சந்தை விட்டுவிட்டு மேற்கே, வெயில் படும் பக்கத்தில் போட்டோம். காருக்குக் கட்டிய கொட்டகையைப் பிரித்தேன். கார் இப்போது மழையில் நிற்கிறது. பன்னிரண்டு படி ஏறியதும் ஒரு அகலமான நடுமேடை, இரண்டு பேர் நின்று மூச்சு வாங்குகிற மாதிரி. அதில் திரும்பி இன்னும் பன்னிரண்டு. எல்லாம் ஐந்தரை, மேஸ்திரி ஒவ்வொரு படிக்கும் அந்தப் பிளைவுட் அடுக்கையே பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நூல் வித்தியாசமில்லை. மிதியில் தண்ணீர் நிற்காமல் முன்பக்கம் லேசாக வாட்டம் விட்டோம். அதிகம் விட்டால் காலே முன்னுக்குச் சரியும், அதனால் பார்த்தால் தெரியாத அளவு. படியின் மூக்குக்கு அடியில் நீளமாகக் குழிவான ஒரு காடி வெட்டச் சொன்னது நான். தண்ணீர் அந்தக் காடியில் வந்து சொட்டிவிடும், அடியில் ஓடிச் சுவரைக் கறையாக்காது. மாடித் தண்ணீர் முன்பு படியிலேயே கொட்டியது. அதற்குக் குழாய் வைத்துத் தரையில் விட்டோம்.

கல் மெருகு போடாத கல். நெருப்பில் வாட்டிச் சொரசொரப்பு ஏற்றியது, வெளிர் சாம்பல் நிறம். ஒவ்வொரு படியின் விளிம்பிலும் இரண்டு விரல் அகலத்துக்குக் கருப்புப் பட்டை, படி எங்கே முடிகிறது என்று மங்கின கண்ணுக்கும் தெரிய. இரண்டு பக்கமும் கைக்குள் அடங்குகிற உருண்டைக் குழாய். கடைசிப் படியைத் தாண்டியும் ஓரடி நீண்டு நிற்கும். மேலே தகரக் கூரை. சாரல் மட்டும் பக்கத்திலிருந்து அடிக்கும். ஒரு நாள் குழாயால் தண்ணீர் அடித்துவிட்டு வெறுங்காலோடும் ஏறிப் பார்த்தேன், செருப்போடும் ஏறிப் பார்த்தேன், ஒரு மூட்டை தவிட்டைத் தூக்கிக்கொண்டும் ஏறிப் பார்த்தேன். இந்த வட்டாரத்தில் இப்படி ஒரு படி கிடையாது. கேட்டுக்கொண்டு வந்து அளந்து போகிறார்கள்.

மேஸ்திரி கடைசி நாள் சாமான்களைக் கழுவி எடுத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார். நான் படியைப் புகழ்ந்து பேசிக்கொண்டிருந்தேன். "டீக்கடைக்கு எப்பங்க?" என்று கேட்டார். "வாரேன்பா, பாக்கலாம்" என்றேன். மறுநாள் போனேன். நாலு பேர் இருந்தார்கள். படி எப்படி என்று கேட்டார்கள். நான் போட்டேன், பிரமாதம் என்றேன். மற்றதைச் சொல்லவில்லை. இதோ இங்கே எழுதிவிட்டேன்: படியை எண்ணியது நான், ஒட்டு வைக்கச் சொன்னது நான், கல் எடுத்தது நான். காகிதத்தில் எழுதுவது சுலபமாகத்தான் இருக்கிறது. அந்த டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் இன்றைக்கும் படியின் பெருமையைத்தான் பேசுகிறேன்.

புதுப் படிக்குப் பூசை போட நல்ல நாள் பார்த்தேன். பிள்ளைகளை வரச் சொன்னேன். அவளுடைய வாடிக்கைப் பெண்கள் பத்துப் பதினைந்து பேர் வந்தார்கள். "அக்கா மொதல்ல ஏறுங்க" என்று கூட்டம் ஒதுங்கி வழி விட்டது. நான் கற்பூரத் தட்டோடு மேலே நடுமேடையில் நின்றேன். அவள் கீழே நின்று படியைப் பார்த்தாள். குனிந்து கல்லை ஒரு தரம் உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள்.

"நல்லா போட்டிருக்கறாரு" என்றாள். "நா ஏறலீங்க."

"பயமா இருக்குதா? புடிச்சுக்க ரெண்டு பக்கமும் கம்பி இருக்குது. நா வந்து கூட்டிட்டுப் போறேன்."

"பயமில்லீங்க."

கூட்டத்தின் முன்னால் அதற்கு மேல் பேசவில்லை. எல்லாரும் சாப்பிட்டுப் போன பிறகு, கூடத்தில் வைத்துக் கேட்டேன். கத்தினேன் என்றே சொல்லலாம். இவ்வளவும் யாருக்காகச் செய்தது என்றேன். கார்க் கொட்டகையைப் பிரித்தது யாருக்காக?

அவள் பாத்திரம் துடைக்கிற துணியை மடித்துக்கொண்டே பேசினாள். குரல் ஏறவில்லை.

"ஆசுபத்திரியில நா தூங்கலீங்க. கண்ணத்தான் மூடியிருந்தேன். மேஸ்திரி எண்ணத் தெரியாமப் போட்டுட்டாருன்னு நீங்க சொன்னது எல்லாங் கேட்டுச்சு. சரி, பயத்துல சொல்றாரு, பொறவு மாத்திக்குவாருன்னு நெனைச்சேன். மூணு வருசம் பாத்தேன். அந்த மனுசன் வந்து என்ற கையப் புடிச்சு ஏத்தி எறக்கிப் பாக்கறாரு. நீங்க பின்னால கையக் கட்டி எண்ணிக்கிட்டு நிக்கறீங்க. கால் அங்குலந்தானேன்னீங்க."

"அதான் அப்பறம் அஞ்சரையே போடச் சொன்னனே!"

"சொன்னீங்க. என்னமோ என்னையக் கொண்டு போயிக் கொள்ளி வெக்கறாப்பல, என்ன ஆனாலும் ஆவட்டும்னு சொன்னீங்க." துணியை வைத்துவிட்டாள். "மிஷின எறக்கிக் குடுங்க. ரோட்டு மேல பால் சொசைட்டிக்குப் பக்கத்துல ஒரு ரூம்பு இருக்குது. பேசிட்டேன்."

புதுப் படிக்கட்டில் போன முதல் சுமை கீழே இறங்கிய அந்த மிஷின்தான். இரண்டு ஆட்கள் தூக்கி வந்தார்கள். நடுமேடையில் வைத்து மூச்சு வாங்கினார்கள். மழை தூறியது. ஒருத்தனும் வழுக்கவில்லை. "நல்ல படிங்க" என்று அதில் ஒருத்தன் சொன்னான்.

அவள் இப்போது தினமும் ஒன்பது மணிக்குக் கோல் பிடித்து நடந்து போகிறாள். ஐந்து மணிக்கு வருகிறாள். எனக்குச் சோறு, தண்ணீர் எதிலும் குறை வைப்பதில்லை. மாடியில் மூன்று ஜன்னலும் சாத்திக் கிடக்கின்றன. மழை வந்தால் நான் கூடத்திலிருந்து எழுந்து போய், படியில் தண்ணீர் சரியாக வடிகிறதா என்று பார்ப்பேன். சரியாகத்தான் வடிகிறது.

போன ஐப்பசியில் ஒரு நாள் மழை விடாமல் பெய்தது. குடை எடுத்துக்கொண்டு அவள் கடைக்குப் போனேன். அந்த அறைக்கு முன்னால் சாக்கடை. சாக்கடையைத் தாண்டி உள்ளே ஏற ஒரு முரட்டுக் கல். எட்டு அங்குலத்துக்குக் குறையாது. ஒரு பக்கம் ஆடவும் செய்தது. உள்ளே மூன்று பெண்கள் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள்; என்னைக் கண்டதும் நிறுத்திவிட்டார்கள்.

"இந்தக் கல்லுல எப்பிடி ஏறற?" என்றேன். "நாளைக்கே ரெண்டு படியாப் போட்டுக் கம்பி வெச்சுத் தாரேன்."

மிஷினை நிறுத்தாமல் தலையை மட்டும் தூக்கினாள்.

"வேண்டாமுங்க. மேஸ்திரிகிட்டச் சொல்லியிருக்கறேன். அடுத்த வாரம் வாரேன்னிருக்கறாரு. நீங்க நனையாம ஊட்டுக்குப் போங்க."